நிலத்தின் வழி அறியப்பட்டவர்: இசபெல் டி கிளேரும் மார்ஷல் குடும்பத்தின் மரபுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலோ-நார்மன் உலகின் பெருஞ்சொத்துகளுள் ஒன்றுக்கு வாரிசாக விளங்கியவர் இசபெல் டி கிளேர். வேல்ஸ் எல்லைப்பகுதி, அயர்லாந்து, இங்கிலாந்து, நார்மண்டி ஆகிய நான்கு நிலப்பரப்புகளிலும் அவருக்கு உரிமை இருந்தது. ஆயினும் வரலாற்று நூல்களில் அவர் வில்லியம் மார்ஷலின் மனைவியாகவே இடம்பெறுகிறார். அவருடைய பிறப்பு, திருமணம், 1207-இல் கில்கென்னியில் நிகழ்ந்தவை, கைம்மைக்காலம், 1247-இல் நடந்த பாகப்பிரிவினை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலவுரிமையின் மூலம் அவர் என்பதைச் சமகாலத்தவர் அறிந்தே இருந்தனர் என்பதும், அவ்வறிவு பிற்கால வரலாற்றெழுத்தில் மங்கியது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: இசபெல் டி கிளேர், வில்லியம் மார்ஷல், லென்ஸ்டர், பெண் வாரிசுரிமை, காப்பாளர் உரிமை, பாகப்பிரிவினை.

முன்னுரை

இடைக்கால இங்கிலாந்து வரலாற்றைப் பயில்வோர் வில்லியம் மார்ஷல் என்னும் பெயரை அறிவர். சிறுவயதில் முடிசூடிய மூன்றாம் ஹென்றியின் சார்பில் 1216 முதல் 1219 வரை நாட்டை ஆண்ட அரசப் பிரதிநிதி அவர். மன்னருக்கெனத் தனி முத்திரை இல்லாத நிலையில், 1216-இலும் 1217-இலும் மறுவெளியீடு பெற்ற மகாசாசனத்தில் போப்பாண்டவரின் தூதர் குவாலாவின் முத்திரையோடு இவருடைய முத்திரையே பதிக்கப்பட்டது. தந்தையின் நிலத்தில் பங்கேதும் எதிர்பார்க்க இயலாத இளைய மகனாகப் பிறந்து, போர்த்திறத்தாலும் அரச விசுவாசத்தாலும் உயர்ந்தவர் என்பதே அவரைப் பற்றிய வழக்கமான சித்திரம்.

இச்சித்திரத்தில் பிழையில்லை, குறை உண்டு. நாற்பது வயதைக் கடந்த பின்னரும் மார்ஷலிடம் குறிப்பிடத்தக்க நிலம் இல்லை. 1189 ஆகஸ்டில் நடந்த ஒரு திருமணம் அவரை நாட்டின் முன்னணி நிலவுடைமையாளருள் ஒருவராக்கியது. அந்நிலம் முழுவதும் மணமகளுடையது. எனவே மார்ஷலின் அரசியல் வாழ்வின் பிற்பாதியை விளக்க முற்படும் எவரும் இசபெலின் மரபுரிமையிலிருந்தே தொடங்க வேண்டும்.

இசபெலைத் தனியாகக் கூறும் சமகால நூல் எதுவும் இல்லை. அவர் தென்படும் முதன்மைச் சான்று, மார்ஷலின் வரலாற்றைப் பாடும் 19,214 அடிகள் கொண்ட பழம்பிரெஞ்சுச் செய்யுள் நூலாகும். மூத்த மகன் இளைய வில்லியத்தின் ஆதரவில், 1220-களில், ஜான் என்னும் புலவரால் இயற்றப்பட்ட இந்நூலின் ஒரே கையெழுத்துப்படியைப் பால் மெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டறிந்து பதிப்பித்தார். இதற்கு அடுத்த நிலையில், டேவிட் கிரௌச் 2015-இல் தொகுத்து வெளியிட்ட மார்ஷல் குடும்பச் சாசனங்கள் உள்ளன. முன்னது புகழ்பாடும் நூல். பின்னது சட்ட ஆவணங்களின் தொகுதி. இவ்விரண்டும் வெவ்வேறு நோக்கில் எழுந்தவை என்பதை நினைவிற்கொண்டே இசபெலை அணுகவேண்டியுள்ளது.

பெற்றோர்: இருவேறு வழக்காறுகள்

இசபெலின் தந்தை, 'ஸ்ட்ராங்போ' என்னும் பட்டப்பெயரால் அறியப்படும் ரிச்சர்ட் டி கிளேர். இவருடைய தந்தை கில்பர்ட்டை ஸ்டீபன் மன்னர் 1138-இல் பெம்புரோக்கின் ஏர்ல் ஆக்கினார். ஆனால் ஸ்டீபனுக்குப் பின் அரியணையேறிய இரண்டாம் ஹென்றி அப்பட்டத்தை மகனுக்கு ஏற்பளிக்கவில்லை. வை ஆற்றங்கரையில் உள்ள ஸ்ட்ரிகில், அதாவது இன்றைய செப்ஸ்டோ, அவரிடம் எஞ்சியிருந்த முதன்மைக் கோட்டை. அரசரின் நல்லெண்ணத்தை இழந்திருந்த இப்பிரபுவை நாடி வந்தவர், அயர்லாந்தில் ஆட்சியை இழந்து உதவி தேடிய லென்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோ. படையுதவிக்கு ஈடாகத் தம் மகள் ஈஃபாவை மணமுடித்துத் தருவதாகவும், தமக்குப் பின் லென்ஸ்டர் ஆட்சியை அளிப்பதாகவும் டெர்மட் வாக்களித்தார். 1170 ஆகஸ்டில் வாட்டர்ஃபோர்டு நகரம் வீழ்ந்ததும் அங்கேயே திருமணம் நடந்தேறியது.

அவ்வாக்குறுதி சட்ட நோக்கில் சிக்கலானது. ஐரிய வழக்கில் ஆட்சியுரிமை ஆண்வழி உறவினருள் தகுதியுடைய ஒருவரைச் சென்றடையும். மகள் வழியாக மருமகனை அடைவதில்லை. நார்மன் வழக்கிலோ மகன் இல்லாதபோது மகள் வாரிசாவார். அவருடைய கணவர் அந்நிலத்தை ஆள்வார். டெர்மட் தந்தது ஐரிய அரசு. ஸ்ட்ராங்போ பெற்றுக்கொண்டது நார்மன் மரபுரிமை. 1171-இல் டெர்மட் இறந்தபோது எழுந்த எதிர்ப்பில் இம்முரண்பாட்டிற்கும் பங்குண்டு. தம் குடிமகன் ஒருவர் கடலுக்கு அப்பால் தனியரசராவதை விரும்பாத இரண்டாம் ஹென்றி அவ்வாண்டு அக்டோபரில் தாமே அயர்லாந்துக்கு வந்தார். டப்ளின் முதலிய நகரங்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, நூறு குதிரைவீரர் சேவைக்கு ஈடான மானியமாக லென்ஸ்டரை ஸ்ட்ராங்போவுக்கு அளித்தார். ஓர் அரசு மானிய நிலமானது. மானிய நிலமாக மாறியதனாலேயே அது பின்னர் ஒரு பெண்ணைச் சென்றடைய வழி பிறந்தது.

1176-இல் ஸ்ட்ராங்போ இறந்தபோது அவருக்குக் கில்பர்ட் என்னும் மகனும் இசபெல் என்னும் மகளும் இருந்தனர். இருவரும் குழந்தைகள். நிலங்கள் அரசரின் பொறுப்பில் சென்றன. சில ஆண்டுகளில் கில்பர்ட் வயது நிரம்பாமலே இறந்துபோக, தமக்கை தங்கை எவரும் இல்லாத இசபெல் அனைத்துக்கும் ஒரே வாரிசானார். ஸ்ட்ரிகில், லென்ஸ்டர், நார்மண்டியின் ஓர்பெக் ஆகியவை தந்தை வழியில் வந்தன. பெம்புரோக் மீதான கோரிக்கையும், முன்னோர் வழியாக கிஃபார்டு குடும்பச் சொத்தில் பாதிக்கான கோரிக்கையும் அவற்றோடு சேர்ந்திருந்தன.

அரசரின் பொறுப்பில் ஒரு வாரிசு

தந்தையை இழந்த வாரிசுகளின் காப்பாளர் உரிமையும், அவர்களை மணமுடித்துக் கொடுக்கும் உரிமையும் அக்கால அரசர்களின் முதன்மை வருவாய்களுள் அடங்கும். அரசியல் ஆதரவைத் திரட்டுவதற்குரிய கருவிகளும் அவையே. 1185-இல் இரண்டாம் ஹென்றியின் அலுவலர்கள் பன்னிரண்டு மாவட்டங்களில் அரசரின் பொறுப்பில் இருந்த கைம்பெண்களையும் வாரிசுச் சிறார்களையும் கணக்கெடுத்த சுருள்கள் இன்றும் கிடைக்கின்றன. வயது, பிள்ளைகள், நிலத்தின் ஆண்டு மதிப்பு, அதிலுள்ள கால்நடைகள், கூடுதலாக எத்தனை ஆடுமாடுகளை வைத்தால் வருவாய் எவ்வளவு உயரும் என்னும் விவரங்கள் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் கீழ் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அப்பட்டியலைப் படிக்கும்போது ஆளையும் ஆட்டையும் ஒரே கை ஒரே மையால் எழுதியிருப்பதை உணராமல் இருக்க முடியாது.

இசபெல் லண்டன் கோபுரத்தில் தலைமை நீதியாளர் ரானுல்ஃப் டி கிளான்வில்லின் பொறுப்பில் இருந்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் தொகுக்கப்பட்டு கிளான்வில்லின் பெயராலேயே வழங்கும் சட்டநூல், பெண் வாரிசுகள் வயது நிரம்பிய பின்னரும் மேலாளரின் இசைவோடு மணமாகும்வரை அவருடைய காவலிலேயே இருக்கவேண்டும் என்கிறது. ஆண் வாரிசு இருபத்தொரு வயதில் விடுதலை பெறுவார். பெண் வாரிசுக்குத் திருமணமே வாயில். அந்நூலை கிளான்வில் எழுதினாரா என்பது ஐயத்திற்குரியது. ஆனால் அவ்விதி நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதற்கு அவருடைய காவலில் இருந்த இசபெலே சான்று.

மார்ஷலுக்கு முதலில் அளிக்கப்பட்டவர், கெண்டல் நிலத்தின் வாரிசான ஹெலாய்ஸ். அவரை மணந்துகொள்ளாமல் காப்பாளராகவே மார்ஷல் காலம் தாழ்த்தினார். பெரிய வாய்ப்புக்காகக் காத்திருந்தார் என்றே கருதவேண்டும். இறுதிக்காலத்தில் இரண்டாம் ஹென்றி இசபெலை அவருக்கு வாக்களித்தார். 1189 ஜூலை 6-இல் ஹென்றி சினோனில் இறந்ததும், புதிய மன்னர் ரிச்சர்ட் அவ்வாக்கை உறுதிசெய்தார். மார்ஷல் லண்டன் விரைந்தார். நகரச் செல்வர் ஒருவர் திருமணச் செலவை ஏற்றுக்கொண்டதாகச் செய்யுள் கூறுகிறது. நாட்டின் செல்வமிக்க வாரிசை மணப்பதற்கு மாப்பிள்ளையிடம் கைப்பணம் இல்லை! அப்போது இசபெலுக்கு ஏறத்தாழ பதினேழு வயது. மார்ஷல் நாற்பத்துமூன்றை ஒட்டியவர். இசபெலின் விருப்பம் கேட்கப்பட்டதாகச் செய்யுளில் ஒரு சொல்கூட இல்லை. அவரைப் பற்றி அவ்விடத்தில் வருவன, உயர்குடிப் பெண்ணுக்குப் புலவர்கள் சூட்டும் வழக்கமான அடைமொழிகள் மட்டுமே.

திருமணத்தின் பலன் உடனடியாகத் தெரிந்தது. கிஃபார்டு சொத்தின் பாதியை 2000 மார்க் செலுத்தி மார்ஷல் பெற்றார். நார்மண்டியின் லாங்வில் இவ்வாறு வந்தது. ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரு பங்கு. அயர்லாந்தின் பிரபுவாக இருந்த ஜான், தம் கையில் இருந்த லென்ஸ்டரை விட்டுக்கொடுக்கத் தயங்கினாலும் ரிச்சர்டின் வற்புறுத்தலால் இணங்கினார். ஜான் மன்னரானபோது, 1199-இல், பெம்புரோக் ஏர்ல் பட்டமும் மார்ஷலுக்கு வழங்கப்பட்டது. இசபெலின் தந்தைக்கு மறுக்கப்பட்ட பட்டம் அவருடைய கணவருக்குக் கிடைத்தது. அதற்கு இசபெலின் பிறப்புரிமையைத் தவிர வேறு அடிப்படை இல்லை.

கில்கென்னி, 1207

மார்ஷலின் வாழ்வில் பெரும் நெருக்கடியாகக் கருதப்படுவது ஜான் மன்னரோடு ஏற்பட்ட பிளவு. 1204-இல் நார்மண்டி பிரெஞ்சு மன்னர் பிலிப்பின் கைக்குச் சென்றது. அங்குள்ள நிலங்களைக் காக்கும்பொருட்டு மார்ஷல் அடுத்த ஆண்டு பிலிப்பிடம் பணிவுறுதி செய்தார். ஜான் இதைத் துரோகமாகக் கண்டார். மூத்த மகன் வில்லியத்தைப் பிணையாகப் பெற்றார். 1207-இல் மார்ஷல் அயர்லாந்து செல்ல விடைபெற்றபோது இரண்டாம் மகன் ரிச்சர்டும் பிணையாகக் கோரப்பட்டார். இந்நிகழ்வுகளை ஆய்வாளர்கள் பெரும்பாலும் விசுவாசம் பற்றிய சோதனையாக விவாதிக்கின்றனர். காக்கப்பட்ட நிலங்களான லாங்வில்லும் ஓர்பெக்கும் யாருடையவை என்ற கேள்வி அவ்விவாதத்தில் பின்தள்ளப்படுகிறது. இசபெலின் சொத்தைக் காப்பதற்காக எடுத்த முடிவின் விலையாக இசபெலின் பிள்ளைகள் பிணையாயினர்.

1207-இல் இசபெலும் மார்ஷலுடன் லென்ஸ்டர் சென்றார். அங்கு அரசரின் நீதியாளராக இருந்த மெய்லர் ஃபிட்ஸ்ஹென்றிக்கு மார்ஷலின் வருகை உவப்பானதாக இல்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஜான் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்தார். அழைப்பின் நோக்கத்தில் மார்ஷலின் தரப்பினருக்கு ஐயம் இருந்தது. மறுக்கவும் இயலவில்லை. கருவுற்றிருந்த இசபெலை விட்டுவிட்டுப் புறப்படுமுன், கில்கென்னிக் கோட்டையில் மானியத்தாரைக் கூட்டி மார்ஷல் ஆற்றிய உரையைச் செய்யுள் விரிவாகத் தருகிறது. அதன் சாரம் வருமாறு: தம் கையால் பற்றி அழைத்துவந்துள்ள இச்சீமாட்டி பிறப்பால் அவர்களுக்குத் தலைவி, அந்நிலத்தை வென்று அவர்களுக்கு மானியம் வழங்கிய ஏர்லின் மகள், அவரால் அன்றித் தமக்கு அங்கு எவ்வுரிமையும் இல்லை, ஆதலின் அவரைக் காக்கவேண்டும்.

இவ்வுரையைப் பலரும் கணவரின் பரிவாகவே படித்துள்ளனர். நான் இதை ஒரு சட்டக் கூற்றாகப் படிக்கிறேன். மானியத்தாரின் கடப்பாடு நிலத்தை வழங்கியவருக்கும் அவருடைய வாரிசுக்கும் உரியது. ஸ்ட்ராங்போவிடம் நிலம் பெற்ற குடும்பங்களுக்கு மார்ஷல் வெளியாள். அவரை எதிர்ப்பது வேறு, ஸ்ட்ராங்போவின் மகளை எதிர்ப்பது வேறு. அந்த வேறுபாட்டையே மார்ஷல் அவர்கள் முன்வைத்தார். கேட்டவர்கள் அனைவரும் கட்டுப்படவில்லை என்பதும் கவனத்திற்குரியது. லென்ஸ்டர் பிரபுக்களுள் சிலர் அரசரின் பக்கம் சாய்ந்தனர். மார்ஷல் கடலைக் கடந்த சில நாள்களுக்குள் மெய்லரின் ஆள்கள் மார்ஷலின் நிலங்களைத் தாக்கித் தீயிட்டனர்.

இங்கு ஒரு தடை எழலாம். செய்யுளைப் பாடச்செய்தவர் இளைய வில்லியம். லென்ஸ்டர் அவருக்குத் தாய்வழியில் வந்தது. தாயின் பிறப்புரிமையை உயர்த்திக் கூறும் உரை மகனுக்குப் பயன்படக்கூடியது. ஆகவே அது புலவரின் ஆக்கமாக இருக்கலாம் அன்றோ? இருக்கலாம். உரையின் சொற்கள் 1207-க்கு உரியவை என்று கொள்வதற்கில்லை. ஆயினும் இத்தடை எமது வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. 1220-களில் லென்ஸ்டர் மீதான உரிமையை நிலைநாட்ட விரும்பிய ஒருவர், தந்தையின் வீரத்தைக் காட்டிலும் தாயின் பிறப்பையே சான்றாக நிறுத்த வேண்டியிருந்தது. கேட்போர் எதை ஏற்பர் என்பதை அறிந்தே அவ்வாறு செய்திருக்கவேண்டும்.

தொடர்ந்த குளிர்காலத்தில் இசபெல் கில்கென்னியில் இருந்தார். ஏர்லி ஜான், ஜோர்டன் டி சோக்வில், ஸ்டீபன் டி எவ்ரூ முதலிய மார்ஷலின் நெருங்கிய குதிரைவீரர்கள் காவல் பொறுப்பை ஏற்றிருந்தனர். இங்கிலாந்துக்குத் திரும்புமாறு அரசரின் ஆணை வந்தபோது, நிலத்தை இழக்க நேரினும் சீமாட்டியைக் கைவிடுவதில்லை என அவர்கள் முடிவுசெய்தனர். 1208 ஜனவரியில் கில்ட்ஃபோர்டில் ஜான் மன்னர் மார்ஷலை அழைத்து, கில்கென்னி முற்றுகையிடப்பட்டது என்றும் அவருடைய முதன்மை வீரர்கள் மாண்டனர் என்றும் சொன்னார். அச்செய்தி புனைவு. உண்மையில் தோற்றவர் மெய்லர். அவர் தம் மகன் ஹென்றியைப் பிணையாக ஒப்படைத்துப் பணிய நேர்ந்தது. 1208 மார்ச்சில் லென்ஸ்டருக்கான புதிய சாசனத்தை மார்ஷல் பெற்றார்.

பிற்கால எழுத்துகள் சில இசபெலைக் கோட்டை மதிலில் நின்று போரிட்ட வீராங்கனையாகத் தீட்ட விரும்புகின்றன. அதற்குத் தேவையில்லை. அவர் அங்கு இருந்ததே அரசியல் செயல். அவர் கில்கென்னியில் இருக்கும்வரை அந்நிலத்தைத் தாக்குவோர் நிலத்தின் பிறப்புரிமையாளரையே தாக்குகின்றனர்.

சாசனங்களும் கைம்மைக்காலமும்

மார்ஷல் வெளியிட்ட சாசனங்கள் பலவற்றில் மனைவி இசபெலின் ஆலோசனையும் இசைவும் பெற்று என்னும் பொருள்படும் தொடர் வருகிறது. இதை வெற்று வாய்பாடு என ஒதுக்குவோர் உண்டு. மனைவியின் மரபுரிமை நிலத்தைக் கணவர் அவருடைய இசைவின்றி வழங்கினால், கணவரின் இறப்புக்குப் பின் மனைவியோ அவருடைய வாரிசுகளோ வழக்காடி மீட்க இயலும் என்பதை எண்ணினால் அத்தொடரின் எடை விளங்கும். கொடை பெற்ற மடங்கள்தாம் அத்தொடரை முதலில் விரும்பியிருக்கும்.

1219 மே 14-இல் கேவர்ஷாமில் மார்ஷல் இறந்தார். இறுதி நாள்களில் டெம்ப்ளார் துறவு வீரர் குழுவில் சேர்ந்தார். துறவு மேலாடையை ஏற்றபின் பெண்ணைத் தொடலாகாது என்பதால், அதற்கு முன் மனைவியை அழைத்து இறுதி முத்தம் தருமாறு கேட்டதையும், இருவரும் அழுததையும் செய்யுள் பதிவுசெய்துள்ளது. முப்பது ஆண்டு மணவாழ்வில் இவ்விருவரிடையே இருந்த உறவை நேரடியாகக் காட்டும் சில இடங்களுள் இது ஒன்று.

அவ்விறப்புக்குப் பின் சட்டம் என்ன செய்தது என்பதே நமக்கு முதன்மையானது. மூத்த மகன் வில்லியம் முழு வயதினர், மணமானவர், போரில் பெயர் பெற்றவர். ஆயினும் ஸ்ட்ரிகில், பெம்புரோக், லென்ஸ்டர் ஆகியவை அவரிடம் செல்லவில்லை. தம் மரபுரிமை நிலங்களை இசபெல் தம் பெயரிலேயே மீளப் பெற்றார். கைம்பெண்ணின் மரபுரிமையைத் தடையின்றி உடனே அளிக்கவேண்டும் என்றும், அவரை மறுமணத்திற்கு வற்புறுத்தலாகாது என்றும் மகாசாசனம் கூறியது. தம் கணவரின் முத்திரையோடு மறுவெளியான அவ்விதியின் பயனை இசபெல் பெற்றார். 1189-இல் அவருக்கு இல்லாத பாதுகாப்பு அது. 1220-இல் அவர் இறந்த பின்னரே மகன்கள் அந்நிலங்களை அடைந்தனர்: பெரும்பகுதி வில்லியத்துக்கும், நார்மண்டி நிலங்கள் ரிச்சர்டுக்கும்.

ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள்

இசபெலுக்கு வில்லியம், ரிச்சர்ட், கில்பர்ட், வால்டர், ஆன்செல்ம் என ஐந்து மகன்கள். மாட், இசபெல், சிபில், ஈவா, ஜோன் என ஐந்து மகள்கள். மகன்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொத்துக்கு உரியவராயினர். வில்லியம் 1231-இல் இறந்தார். அரசரை எதிர்த்த ரிச்சர்ட், கர்ரா சமவெளியில் நடந்த மோதலில் காயமுற்று 1234 ஏப்ரலில் கில்கென்னியில் உயிர்நீத்தார். கில்பர்ட் 1241-இல் குதிரைப்போர் விளையாட்டில் விழுந்து இறந்தார். வால்டரும் ஆன்செல்மும் 1245-இன் இறுதியில் அடுத்தடுத்து மறைந்தனர். ஐவருக்கும் சட்டவழி வாரிசு இல்லை. மார்ஷல் கைப்பற்றிய தேவாலய நிலத்திற்காக ஃபெர்ன்ஸ் ஆயர் இட்ட சாபமே காரணம் என மேத்யூ பாரிஸ் எழுதினார். சமகாலத்தவர் இவ்வீழ்ச்சியை எவ்வளவு வியப்போடு நோக்கினர் என்பதற்கு அக்கதை சான்றாகும்.

மகன்கள் பலர் இருந்தால் மூத்தவருக்கே முழுச்சொத்து. மகன் இன்றி மகள்கள் பலர் இருந்தால் அனைவருக்கும் சமபங்கு என்பது வழக்கு. இசபெல் ஒற்றை மகளாக இருந்ததால் சொத்து சிதறாமல் வந்தது. அவருக்கு ஐந்து மகள்கள் இருந்ததால் 1247-இல் அது ஐந்தாகப் பிரிந்தது. அப்போது மகள்களுள் உயிரோடிருந்தவர் மாட் மட்டுமே. மற்ற நால்வரின் பங்குகள் அவர்தம் பிள்ளைகளைச் சென்றடைந்தன. லென்ஸ்டரில் கார்லோ மாட்டுக்கும், கில்கென்னி இசபெலின் மகனான குளோஸ்டர் ஏர்லுக்கும், கில்டேர் சிபிலின் பிள்ளைகளுக்கும், டனமேஸ் ஈவாவின் பிள்ளைகளுக்கும், வெக்ஸ்ஃபோர்டு ஜோனின் மகளுக்கும் கிடைத்தன. சிபிலுக்கு ஏழு மகள்கள். அவருடைய பங்கு மீண்டும் ஏழாயிற்று. ஈவாவின் பங்கு மூன்றாயிற்று. வேல்ஸில் செப்ஸ்டோ மாட்டுக்கும் பெம்புரோக் ஜோனின் மகளுக்கும் சேர்ந்தன. அம்மகளை மணந்ததாலேயே மூன்றாம் ஹென்றிக்குத் தாய் ஒன்றாய்த் தந்தை வேறான தம்பி வில்லியம் டி வாலன்ஸ் பெம்புரோக்கின் உரிமையாளரானார். 1189-இன் கதை வேறு பெயர்களோடு மீண்டும் நடந்தது.

பங்குதாரர் மட்டும் இருந்திருந்தால் பிரிவினை எளிதாகியிருக்கும். இறந்த சகோதரர்களின் கைம்பெண்களும் தத்தம் பங்கைக் கோரினர். அவர்களுள் முதன்மையானவர் இளைய வில்லியத்தின் மனைவி எலினார். மூன்றாம் ஹென்றியின் தங்கை. பின்னர் சைமன் டி மான்ட்ஃபோர்டை மணந்தவர். அயர்லாந்திலும் வேல்ஸிலும் அவருக்குச் சேரவேண்டிய கைம்பெண் பங்குக்கு ஈடாக ஆண்டுக்கு 400 பவுன் மட்டுமே அளிக்கப்பட்டது. அத்தொகை போதாது என்னும் வழக்கு, அரசருக்கும் மான்ட்ஃபோர்டுக்கும் இடையிலான பகையில் பல்லாண்டு நீடித்தது. 1259-இல் பாரிஸ் உடன்படிக்கை நிறைவேறுவதற்கும் அது தடையாக நின்றது. இசபெலின் சொத்தைப் பற்றிய கணக்கு, அவர் இறந்து நாற்பதாண்டுகள் ஆகியும் இரு நாட்டு அரசர்களின் உடன்படிக்கை மேசையில் இருந்தது.

மகள்களின் வழியில் மரபு தழைத்தது. மகள் இசபெலின் வழியில் வந்த கொள்ளுப்பேரனின் மகனே ஸ்காட்லாந்தின் மன்னர் முதலாம் ராபர்ட் புரூஸ். மூத்த மகள் மாட், சகோதரர்கள் அனைவரும் மறைந்த பின் 1246-இல் மார்ஷல் பதவிக்குரிய கோலைப் பெற்றார். தம் சாசனங்களில் இங்கிலாந்தின் மார்ஷல் எனத் தம்மைக் குறித்துக்கொண்டார். தாய் ஒருபோதும் பயன்படுத்த வாய்ப்பில்லாத பட்டம் அது. மார்ஷல் பதவி கணவரின் குடும்பத்துக்கு உரியது. மாட் இரு கணவர்களையும் இழந்தவர், இருவருமே ஏர்ல்கள். ஆனாலும் பட்டவரிசையில் முதலிடத்தைத் தாம் பிறந்த குடும்பத்தின் பதவிக்கே அளித்தார்.

மார்ஷல் லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடையதாகக் கருதப்படும் கற்படிமம் அங்கு இன்றும் உள்ளது. இசபெல் அவரருகே இல்லை. தம் தந்தை வழி நிலமான ஸ்ட்ரிகிலுக்கு அருகே, வை ஆற்றங்கரையின் டின்டர்ன் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மகன்கள் வால்டரும் ஆன்செல்மும், 1248-இல் மாட்டும் அங்கேயே வந்து சேர்ந்தனர். மாட்டின் பங்கு வழியாகச் செப்ஸ்டோவைப் பெற்ற அவருடைய பேரன் ரோஜர் பிகாட் அம்மடத்தின் தேவாலயத்தை 1269 முதல் புதிதாக எழுப்பச் செய்தார். கூரையிழந்து இன்று அங்கு நிற்பவை அத்தேவாலயத்தின் சுவர்களே. இசபெலின் கல்லறை இருந்த இடத்தில் அடையாளம் எதுவும் எஞ்சவில்லை.